முதுநிலைப் பயிற்சியில் சேரும் மருத்துவருக்கு: உடம்பும் மனசும் படுத்துவிடும் முன் செய்து வைக்க வேண்டியவை

பயிற்சியில் சேர்ந்து 14-ஆவது மாதம். ஒரு நைட் டூட்டியில் அதிகாலை நாலு மணிக்கு, ஒரு குழந்தைக்கு எழுத வேண்டிய மருந்தைப் பத்து மடங்கு எழுதிவிட்டேன். தசமப்புள்ளி ஓர் இடம் தள்ளி விழுந்திருந்தது. மருந்து ஏற்ற வந்த சிஸ்டர் கேஸ் ஷீட்டைப் பார்த்துவிட்டு, "டாக்டர், இந்த அளவு சரிதானா?" என்று கேட்டார். சரியில்லை. அடித்துத் திருத்திவிட்டு டூட்டி ரூமில் போய் உட்கார்ந்தேன். கை நடுங்கியது. அதற்கு முந்தைய ஐந்து வாரமாக நான் ஒழுங்காகத் தூங்கவில்லை. லீவு நாளில்கூடத் தூக்கம் வரவில்லை. எட்டுக் கிலோ இறங்கியிருந்தேன். எனக்கு முடியவில்லை என்று அன்றைக்குத்தான் எனக்கே ஒப்புக்கொண்டேன்.

மறுநாள் மெடிக்கல் லீவு கேட்டேன். அது கைக்கு வர 23 நாள் ஆயிற்று. யாரும் வேண்டுமென்றே இழுத்தடிக்கவில்லை. எந்தத் தாள் எந்த அலுவலகத்துக்குப் போக வேண்டும் என்று எனக்கும் தெரியவில்லை, நான் போய்க் கேட்டவர்களுக்கும் தெரியவில்லை. அந்த 23 நாளும் டூட்டி பார்த்தேன்.

அந்த 23 நாளை உங்களுக்கு மிச்சப்படுத்தத்தான் இதை எழுதுகிறேன். தியானம் செய்யுங்கள், நிறையத் தண்ணீர் குடியுங்கள் என்பதெல்லாம் இதில் வராது. அதைச் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். பெரும்பாலான இடங்களில் ஏதோ ஓர் உதவி இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அதை வாங்க நாலு தாளும் மூன்று கையெழுத்தும் வேண்டும். உடம்பும் மனசும் படுத்துவிட்ட ஆள் அவற்றுக்காக மாடி ஏறி இறங்க முடியாது. அதனால் நன்றாக இருக்கும்போதே செய்து வைக்க வேண்டியவற்றை வரிசைப்படி சொல்கிறேன்.

1. சேரும் வாரத்திலேயே மூன்று விதிகளை எழுத்தில் வாங்குங்கள்

வேலை எத்தனை மணி நேரம், லீவு எத்தனை நாள், லீவு கூடினால் படிப்பு எவ்வளவு நீளும். இந்த மூன்றுக்கும் பதில் உள்ள பக்கங்களைப் பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சீனியரிடம் வாய்வழியாகக் கேட்டுத் திருப்தி அடையாதீர்கள். அவர் சொல்வது அந்தத் துறையின் பழக்கம். விதி வேறாக இருக்கலாம். "பி.ஜி.க்கு லீவே கிடையாது" என்று எனக்கு முதல் நாள் சொன்ன சீனியர், லீவு இருப்பது தெரியாமலே மூன்று வருஷத்தை முடித்துவிட்டுப் போனார்.

இந்தியாவில் பயிற்சி என்றால், 2023-ஆம் ஆண்டின் முதுநிலை மருத்துவக் கல்வி ஒழுங்குமுறைகளைத் தேடி எடுங்கள். ஆண்டுக்குக் குறைந்தது 20 நாள் ஊதியத்துடன் கூடிய தற்செயல் விடுப்பு, 5 நாள் கல்வி விடுப்பு, வேலை நெருக்கடிக்கு உட்பட்டு வாரத்துக்கு ஒரு நாள் ஓய்வு என்று அதில் இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் 80 விழுக்காடு வருகை வேண்டும். அனுமதித்த நாளுக்கு மேல் லீவு போனால், போன நாள் அளவுக்குப் படிப்பு நீளும். வேலை நேரத்துக்கு மட்டும் எண் கிடையாது. "நியாயமான" நேரம் என்று சொல்லி நிறுத்திவிட்டார்கள். யாருடைய நியாயம் என்பதை நீங்கள் போய்ச் சேர்ந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அமெரிக்காவில் வாரத்துக்கு 80 மணி நேரம் உச்சவரம்பு. தொடர்ச்சியாக 24 மணி நேரம், அதற்குமேல் ஹேண்டோவர் (நோயாளிகளை அடுத்த டூட்டி டாக்டரிடம் ஒப்படைப்பது) போன்றவற்றுக்கு 4 மணி வரை. ஏழு நாளில் ஒரு நாள் ஓய்வு. பயிற்சிக் காலத்தில் ஒரு தடவையாவது, மருத்துவக் காரணத்துக்கோ பிள்ளைப்பேற்றுக்கோ குடும்பத்தாரைப் பார்த்துக்கொள்ளவோ, ஆறு வாரம் முழுச் சம்பளத்துடன் லீவு எடுக்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி வாரச் சராசரி 48 மணி. 24 மணி நேரத்துக்குள் தொடர்ந்து 11 மணி ஓய்வு.

இங்கே இரண்டு பொறிகள். முதலாவது "சராசரி" என்ற சொல். அமெரிக்காவின் 80 மணி, நாலு வாரத்துக்கான சராசரி. ஒரு வாரம் 100 மணி வேலை வாங்கிவிட்டு அடுத்த வாரங்களில் குறைத்தாலும் விதி மீறப்படவில்லை என்றுதான் கணக்கு வரும். அதனால் உங்கள் மணிக்கணக்கை நீங்களே தினமும் ஒரு வரி எழுதி வையுங்கள். வந்த நேரம், போன நேரம், அவ்வளவுதான். இரண்டாவது பொறி, சேரும்போது நீட்டப்படும் தாள் கட்டு. பிரிட்டனில் 48 மணி வரம்பிலிருந்து விலகிக்கொள்ளச் சம்மதம் கேட்கும் படிவமும் உண்டு. அது கட்டாயமில்லை. படிக்காமல் கையெழுத்துப் போட்டுக்கொண்டே போகாதீர்கள்.

2. உங்களுக்கென்று ஒரு டாக்டரைப் பிடியுங்கள்

நாமே டாக்டர்தானே என்ற எண்ணம் எல்லாருக்கும் வரும். எனக்கும் வந்தது. இருமல் என்றால் வார்டில் இருந்த மாத்திரை, தூக்கம் வரவில்லை என்றால் நண்பர் எழுதிக் கொடுத்த மாத்திரை. ரவுண்ட்ஸுக்கும் ஓ.பி.க்கும் நடுவே வராந்தாவில் நின்றபடி, "சார், ரெண்டு வாரமா ஒரு மாதிரியா இருக்கு" என்று ஒரு வார்த்தை. இதற்கெல்லாம் எங்கும் பதிவு கிடையாது. பிறகு சான்று வேண்டும் என்று போய் நிற்கும்போது, "உங்களை நான் எப்போது பரிசோதித்தேன்?" என்று கேட்பார்கள். கேட்டார்கள். கேட்டவர் மேல் தப்பில்லை.

முதல் மாதத்துக்குள், எந்த நோயும் இல்லாதபோதே, ஒரு பொதுமருத்துவரிடம் போய்ப் பதிந்துகொள்ளுங்கள். அவர் உங்கள் துறையில் இருக்கக் கூடாது, உங்களுக்குத் தேர்வு வைப்பவராக இருக்கக் கூடாது. வேறு மருத்துவமனையாக இருந்தால் இன்னும் நல்லது. ஊழியர் சலுகை போய்விடும், கட்டணம் கொடுக்க வேண்டியிருக்கும், கொடுங்கள். வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவைக்கான செலவுதான்.

முதல் சந்திப்புக்குப் போகும்போது ஒரு கோப்பு கொண்டு போங்கள்:

- ரத்த வகை, ஒவ்வாமை, பழைய நோய்கள், இப்போது சாப்பிடும் மருந்துகள்
- தடுப்பூசிச் சான்றுகள். ஹெபடைடிஸ் பி மூன்று தவணையும் போட்ட தேதிகள்
- ஹெபடைடிஸ் பி எதிர்ப்பொருள் அளவு. மில்லிலிட்டருக்கு 10 மில்லி சர்வதேச அலகு அல்லது அதற்குமேல் இருக்க வேண்டும்
- காசநோய்ப் பரிசோதனையும் நெஞ்சு எக்ஸ்-ரேயும், எடுத்திருந்தால்
- அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய ஒருவரின் பெயர். இவர் உங்கள் ரூம்மேட்டாக இருக்க வேண்டாம். நீங்கள் விழும் நாளில் அவரும் டூட்டியில்தான் இருப்பார்.

மூன்றாவதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். ஊசி போட்டாயிற்று, அவ்வளவுதான் என்று நினைக்கிறார்கள். ஒரு சிலருக்கு மூன்று தவணைக்குப் பிறகும் எதிர்ப்பு உண்டாவதில்லை. அது, நோயாளிக்குப் போட்ட ஊசி தவறி உங்கள் கையில் குத்திய இரவில் தெரிய வருவதைவிட இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

3. ஊசி குத்தினால்: வழியை இன்றைக்கே நடந்து பாருங்கள்

குத்திய ஊசி நோயைக் கடத்தும் வாய்ப்பு 30, 3, 0.3 விழுக்காடு என்று எல்லாரும் மனப்பாடம் செய்திருப்போம்: எதிர்ப்புச் சக்தி இல்லாதவருக்கு ஹெபடைடிஸ் பி, அப்புறம் சி, அப்புறம் எச்ஐவி. தேர்வில் எழுதவும் செய்திருப்போம். ஆனால் இரவு இரண்டரை மணிக்குத் தடுப்பு மருந்து எந்த அலமாரியில் இருக்கிறது, சாவி யாரிடம் என்று கேட்டால் முழிப்போம்.

செய்ய வேண்டியது இதுதான். பிதுக்காமல் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு கழுவுங்கள். உடனே டூட்டி பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். நோயாளியின் ரத்தப் பரிசோதனைக்கு முறைப்படி ஒப்புதல் வாங்கி அனுப்பச் சொல்லுங்கள். அதை நீங்களே செய்ய வேண்டாம். எச்ஐவி தடுப்பு மருந்து தேவை என்று முடிவானால் இரண்டு மணி நேரத்துக்குள் முதல் தவணை போவது உத்தமம். 72 மணிக்குப் பிறகு தொடங்கிப் பயனில்லை. மொத்தம் 28 நாள் சாப்பிட வேண்டும். ஹெபடைடிஸ் பி எதிர்ப்பு இல்லாதவருக்கு இம்யூனோகுளோபுலின் (தயார் எதிர்ப்பொருள் ஊசி), முடிந்தவரை 24 மணிக்குள்.

தாள் வேலையை மறந்துவிடாதீர்கள். சம்பவப் படிவத்தை அன்றைக்கே நிரப்பி, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். அன்றைக்கே எடுத்த உங்கள் ரத்த முடிவும் சேர வேண்டும். பிற்பாடு ஏதாவது வந்தால், அது வேலையில்தான் வந்தது என்று காட்ட இந்த இரண்டும் இல்லாமல் முடியாது. "பேஷன்ட் பார்க்க நல்லாத்தானே இருக்கார்" என்று விட்டுவிடுவதுதான் இங்கே எல்லாரும் விழும் குழி.

4. தூக்கத்தைக் கணக்கு வைத்துத் தூங்குங்கள்

நைட் டூட்டிக்கு யாரும் நமக்குப் பயிற்சி கொடுப்பதில்லை. மயக்க மருந்து கொடுக்க மூன்று வருஷம் சொல்லித் தருகிறவர்கள், 30 மணி நேரம் விழித்திருப்பது எப்படி என்று ஐந்து நிமிஷம்கூடச் சொல்வதில்லை.

முதல் இரவுக்கு முன்பு மத்தியானம் ஒன்றரை மணி நேரம் தூங்குங்கள். தூக்கம் வராவிட்டாலும் இருட்டில் படுத்திருங்கள். டூட்டி நடுவில் வாய்ப்புக் கிடைத்தால் 20 நிமிஷம் போதும், 30-ஐத் தாண்ட வேண்டாம். அதற்குமேல் போனால் ஆழ்ந்த தூக்கத்திலிருந்து எழுந்து, கால் மணி நேரம் ஏதும் புரியாமல் நிற்பீர்கள். அந்தக் கால் மணி நேரத்தில்தான் போன் வரும்.

காபி, டீ விஷயத்தில் ஒரு கணக்கு. காஃபீன் பாதி குறையவே ஐந்து மணி நேரம் போல ஆகும். காலை ஒன்பதுக்குத் தூங்க வேண்டும் என்றால் இரவு இரண்டு மணியோடு நிறுத்துங்கள். ஐந்து மணிக்குக் குடிக்கும் காபி டூட்டிக்கு உதவும், ஆனால் உங்கள் பகல் தூக்கத்தைத் தின்றுவிடும்.

மூன்றிலிருந்து ஐந்து மணி வரை உடம்பின் கடிகாரம் அடிமட்டத்தில் இருக்கும். அந்த நேரத்தில் எழுதும் ஒவ்வொரு மருந்தளவையும் வாய்விட்டுச் சொல்லி, பக்கத்தில் இருப்பவரைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். வெட்கப்பட வேண்டியதில்லை. என்னைக் காப்பாற்றியது அந்த ஒரு கேள்விதான். 2004-ல் வெளியான ஓர் ஆய்வில், பழைய நீண்ட டூட்டி முறையில் வேலை பார்த்த பயிற்சி மருத்துவர்கள், டூட்டி நேரம் குறைக்கப்பட்ட முறையில் பார்த்தபோது செய்ததைவிட 36 விழுக்காடு கூடுதலாகக் கடும் தவறுகள் செய்திருந்தார்கள். ஆள் மாறவில்லை, ரோஸ்டர் என்ற டூட்டி அட்டவணைதான் மாறியது.

அடுத்தது, வீடு திரும்புவது. இதை எல்லாவற்றையும்விட அழுத்திச் சொல்கிறேன். 17 மணி நேரம் விழித்திருந்தவரின் கையும் கண்ணும், ரத்தத்தில் 0.05 விழுக்காடு சாராயம் உள்ளவருடையதைப் போலத்தான் வேலை செய்யும். நீண்ட டூட்டி முடித்து வண்டி ஓட்டிய பயிற்சி மருத்துவர்களுக்கு விபத்து வாய்ப்பு இரண்டு மடங்குக்கும் மேல் என்று 2005-ல் இன்னோர் ஆய்வு காட்டியது. எனவே டூட்டி மறுநாள் வண்டியை எடுக்காதீர்கள். மாதத்துக்கு எத்தனை நீண்ட டூட்டி என்று எண்ணி, அத்தனை நாள் வாடகை வண்டிக்கான பணத்தை உதவித்தொகை வந்த அன்றே தனியாக எடுத்து வையுங்கள். அந்தக் காலை நேரத்தில் "கொஞ்ச தூரம்தானே" என்று மூளை கணக்குச் சொல்லும். முன்கூட்டியே எடுத்து வைத்த பணம் அந்தக் கணக்கை வெல்லும். பாதுகாப்பாக வீடு திரும்ப வழி செய்து தர வேண்டும் என்று அமெரிக்கப் பயிற்சி விதிகளில் இருக்கிறது. உங்கள் இடத்திலும் உண்டா என்று கேட்டுப் பாருங்கள்.

செலவு என்று பார்த்தால் கனத்த திரைச்சீலை, கண்ணுக்குக் கட்டும் துணி, காதடைப்பான். மூன்றையும் முதல் மாதமே வாங்கிவிடுங்கள். தூக்க மாத்திரையை மட்டும் உங்களுக்கு நீங்களே எழுதிக்கொள்ளாதீர்கள். நான் எழுதிக்கொண்டேன். இரண்டு மாத்திரைகளுக்கு மாறியும் தூக்கம் வரவில்லை. ஏன் வரவில்லை என்று கேட்கத் தோன்றாமல் போனதுதான் மிச்சம்.

5. பணமும் காப்பீடும்

சுருக்கமாக. ஒரு மாத உதவித்தொகை அளவுக்காவது சேமிப்பு இருக்க வேண்டும். சம்பளமில்லா லீவில் விழுந்தால் வாடகையும் கடன் தவணையும் நிற்காது. மருத்துவக் காப்பீட்டை நோய் வரும் முன்பே எடுங்கள். காத்திருப்புக் காலம் எவ்வளவு, மனநல சிகிச்சை அடங்குமா, புறநோயாளிச் செலவு அடங்குமா என்ற மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். ஏற்கெனவே சிகிச்சை எடுத்திருந்தால் மறைக்காதீர்கள். மறைத்த பாலிசி, தேவைப்படும் நாளில் வெறும் தாள்.

6. மாதம் ஒரு முறை உங்களுக்கு நீங்களே மதிப்பெண் போடுங்கள்

மனச்சோர்வை அளக்கும் பிஎச்க்யூ-9 கேள்வித்தாளை ஓ.பி.யில் எத்தனையோ பேருக்குக் கொடுத்திருப்பீர்கள். கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி ஒன்பது கேள்விகள், மொத்தம் 27 மதிப்பெண், காசு செலவில்லை, மூன்று நிமிஷம். உதவித்தொகை வரும் தேதியில் நீங்களும் ஒன்று நிரப்பித் தேதி போட்டு வையுங்கள். 10 அல்லது அதற்குமேல் வந்தால் அந்த வாரத்துக்குள் உங்கள் டாக்டரைப் பாருங்கள். ஒன்பதாவது கேள்விக்கு, அதாவது செத்துப்போனால் தேவலை என்ற நினைப்போ தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் நினைப்போ வந்ததா என்பதற்கு, பூஜ்யம் தவிர எது வந்தாலும் அன்றைக்கே ஒருவரிடம் பேசுங்கள்.

இது பலவீனமானவர்களின் பிரச்சினை என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு கணக்கு. 2010-ல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்று, பயிற்சி தொடங்கும் முன்பும் தொடங்கிய பிறகும் இதே கேள்வித்தாளைக் கொடுத்துப் பார்த்தது. மனச்சோர்வு நோய்க்கான அளவைத் தொட்டவர்கள் தொடங்கும் முன் 3.9 விழுக்காடு, பயிற்சி ஆண்டில் சராசரியாக 25.7. சில மாதங்களில் அத்தனை பேர் பலவீனர்களாக மாறிவிட முடியாது.

வெறும் களைப்பா, நோயா என்று பிரித்தறிய நான் வைத்திருக்கும் அளவுகோல் எளிது. இரண்டு நாள் முழு ஓய்வு கிடைத்ததும் பசி, தூக்கம், பேச்சு திரும்புகின்றனவா? திரும்பினால் களைப்பு. ஓய்வு நாளிலும் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தால், அதை ஒரு டாக்டர் பார்க்க வேண்டும். இது நோய் கண்டறியும் முறை அல்ல. கதவைத் தட்ட ஒரு சாக்கு, அவ்வளவே.

நிறுவனத்தின் ஆலோசகரிடம் போகும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். பதிவு எங்கே இருக்கும்? யார் யார் பார்க்கலாம்? எந்தச் சூழ்நிலையில் துறைக்குச் சொல்வீர்கள்? நல்ல ஆலோசகர் முகம் சுளிக்காமல் மூன்றுக்கும் பதில் சொல்வார். மழுப்பினால் வெளியே பாருங்கள். "டாக்டர் பதிவெண் போய்விடும்" என்ற பயம் பலரைத் தடுக்கிறது. சிகிச்சை எடுத்ததா, வேலை செய்ய முடியாத நிலையா என்பது இரண்டு வேறு கேள்விகள். உங்கள் நாட்டின் மருத்துவர் பதிவுப் படிவம் எதைக் கேட்கிறது என்று வாசித்துப் பாருங்கள், வதந்தியை நம்பாதீர்கள். அமெரிக்காவில் மாநில மருத்துவ வாரியங்களின் கூட்டமைப்பே, இப்போதைய இயலாமையைப் பற்றி மட்டும் கேட்டால் போதும் என்று 2018-ல் பரிந்துரைத்துவிட்டது.

இரவில் யாருமில்லை என்றால், போனில் இப்போதே பதிந்து வைக்க வேண்டிய எண்கள்: இந்தியாவில் டெலி மானஸ் (அரசின் மனநல உதவி எண்) 14416, இலங்கையில் 1926, சிங்கப்பூரில் 1767, பிரிட்டனில் 116 123, அமெரிக்காவில் 988.

7. மெடிக்கல் லீவு: என் 23 நாள் எங்கே போயிற்று

நாள் கணக்கில் சொன்னால்தான் புரியும். முதல் நான்கு நாள், சான்று தர ஒரு டாக்டரைத் தேடியதில் போயிற்று. என்னைப் பரிசோதித்த பதிவு யாரிடமும் இல்லை. ஐந்தாம் நாள் சான்று கிடைத்தது; துறைத் தலைவரிடம் வாய்வழியாகச் சொல்லி, அவர் "சரி, பார்க்கலாம்" என்றதை அனுமதி என்று நினைத்து ஆறு நாள் காத்திருந்தேன். அப்புறம் அது மருத்துவமனை அலுவலகத்துக்கு எழுத்தில் போக வேண்டும் என்று தெரிந்தது. அங்கே ஒரு வாரம் கிடந்தது. கடைசியில், படிப்பைக் கவனிக்கும் பிரிவு தனி, அதற்குத் தனிக் கடிதம் என்றார்கள். அதற்குள் சான்றில் இருந்த தேதி கடந்துவிட்டது. புதுச் சான்று வாங்கி, இன்னொரு ஆறு நாள்.

வரிசை இப்படி இருந்திருக்க வேண்டும்:

முதலில் சான்று. அதில் "இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை பணிக்குத் தகுதியில்லை" என்று இருந்தால் போதுமா, நோயின் பெயரும் வேண்டுமா என்று அலுவலகத்தில் முன்பே கேளுங்கள். பெயர் வேண்டும் என்றால் மூடிய உறையில், யார் திறக்க வேண்டுமோ அவர் பதவியை மேலே எழுதிக் கொடுங்கள். என் சான்று மூன்று மேசையில் விரித்தபடி கிடந்தது; நான்காவது நாள் கேன்டீனில் ஒருவர், "இப்ப மனசு எப்படி இருக்கு?" என்று கேட்டார். நல்லெண்ணத்தோடுதான் கேட்டார்.

அடுத்து, துறைத் தலைவரை நேரில் பாருங்கள். காலை ரவுண்ட்ஸுக்கு முன் போகாதீர்கள், ஓ.பி. நடுவில் போகவே போகாதீர்கள். மத்தியானம் நேரம் கேட்டு வாங்கிப் போங்கள். எத்தனை நாள், எந்தெந்த டூட்டி என்ற ஒரு பக்கப் பட்டியல் கையில் இருக்கட்டும். உங்களுக்கு மாற்று ஆள் தேடுவது உங்கள் வேலை இல்லை. ஆனாலும் பட்டியல் இருந்தால் பேச்சு "எப்படிச் சமாளிப்பது" என்ற பக்கம் திரும்பும். நோயை விவரித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

வெளியே வந்த ஒரு மணி நேரத்துக்குள் மின்னஞ்சல். துறைத் தலைவர், மருத்துவமனை நிர்வாகம், படிப்புப் பிரிவு மூன்றுக்கும் ஒரே கடிதம். நான் இப்போது ஜூனியர்களுக்குக் கொடுக்கும் வாசகம்:

"மதிப்பிற்குரிய ஐயா / அம்மா, இன்று நேரில் தெரிவித்தபடி, மருத்துவக் காரணங்களால் … முதல் … வரை எனக்கு விடுப்புத் தேவைப்படுகிறது. பணிக்குத் தகுதியின்மைச் சான்று இணைக்கப்பட்டுள்ளது. இந்த விடுப்பு எந்தக் கணக்கில் சேரும், உதவித்தொகை தொடருமா, பயிற்சிக் காலம் நீளுமா என்பதை எழுத்தில் தெரிவிக்க வேண்டுகிறேன்."

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். அதற்கு வரும் பதில்தான் தேர்வு சமயத்தில் உங்களைக் காப்பாற்றும். தாளாகவும் ஒரு பிரதி கொடுத்து, பெற்ற தேதியும் முத்திரையும் வாங்குங்கள். எல்லாவற்றையும் படம் எடுத்து வையுங்கள்.

போகும் முன் மூன்று தேதிகளைப் பாருங்கள்: தேர்வுக்கு விண்ணப்பிக்கும் கடைசி நாள், ஆய்வேடு ஒப்படைக்கும் நாள், லாக்புக் (செய்த வேலைகளைப் பதியும் ஏடு) கையெழுத்து. லீவில் இருப்பவருக்கு யாரும் நினைவூட்ட மாட்டார்கள். விடுதியில் தங்குகிறவர்கள், அறையைக் காலி செய்யச் சொல்வார்களா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

திரும்பும்போது தகுதிச் சான்று வேண்டும். அதை எழுதும் டாக்டரிடம், "முதல் இரண்டு வாரம் இரவுப் பணி வேண்டாம்" என்று அதிலேயே எழுதச் சொல்லுங்கள். நீங்களாகக் கேட்டால் சலுகை. சான்றில் இருந்தால் மருத்துவ ஆலோசனை. நான் இது தெரியாமல், திரும்பிய அன்று இரவே அவசரப் பிரிவில் நின்றேன். பழைய நிலைக்குப் போக மூன்று நாள் போதுமானதாக இருந்தது.

8. நீங்கள் சீனியர் ஆனதும்

எங்கள் இடத்தில் ஒரு முறை "மன அழுத்த மேலாண்மை" நிகழ்ச்சி வைத்தார்கள். நைட் டூட்டி முடித்தவர்களும் கட்டாயம் வர வேண்டும், வருகைப்பதிவு உண்டு. இரண்டு மணி நேரம் தூக்கத்தின் அருமையைப் பற்றிப் பேசினார்கள். பின்வரிசையில் பாதிப் பேர் அதைச் செயலில் காட்டிக்கொண்டிருந்தோம்.

ரோஸ்டர் போடும் பொறுப்பு என் கைக்கு வந்ததும் காசு செலவில்லாமல் செய்ய முடிந்தது மூன்றுதான். ரோஸ்டரை நாலு வாரத்துக்கு முன்பே ஒட்டினேன். அப்போதுதான் ஒருவர் பல் டாக்டரிடமாவது நேரம் வாங்க முடியும். நைட் டூட்டிகளைத் தொடராக வைத்து, முடிந்ததும் இரண்டு முழு நாள் விட்டேன். மூன்றாவது, அவசர மாற்றுப் பட்டியல்: ஒவ்வொரு நாளும், யாராவது படுத்துவிட்டால் வர வேண்டியவர் யார் என்று பெயர் எழுதி டூட்டி ரூம் கதவில் ஒட்டினேன். அதுவரை, வர முடியவில்லை என்று சொல்ல வேண்டியவர், தனக்குப் பதில் ஆள் தேடிப் பத்துப் பேருக்கு போன் போட வேண்டும். காய்ச்சலோடு டூட்டிக்கு வந்துவிடுவது அதைவிடச் சுலபமாக இருந்தது.

பட்டியல் போட்டதும் யாரும் கூப்பிடவில்லை. இரண்டு வாரம் அப்படியே கிடந்தது. அதை வைத்து என்னைக் கிண்டலும் செய்தார்கள். மூன்றாவது வாரம், இரவு பதினோரு மணிக்கு, முதலாண்டு ஜூனியர் ஒருவர் போன் செய்து, "பட்டியல்ல இன்னைக்கு உங்க பேர் இருக்கு, தொந்தரவுக்கு மன்னிச்சுக்குங்க" என்று ஆரம்பித்தார். என்ன என்று கேட்காமல் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.